ஆறாவது எண்

அன்புள்ள கண்ணம்மா,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் கண் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். தம்பி விஷயம் அவனே சொல்லியிருப்பான்.

"என் யூகம் ஆறாவது எண்ணிலேயே உடைந்துவிட்டது அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாய். அப்புறம் பேச்சே இல்லை. ஏன் என்று நான் கேட்கப் போவதில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு 4294967297 நினைப்புதான். உனக்குத் தெரிந்த எண்தான், இருந்தாலும் பொறுமையாகப் படி.

2-இல் தொடங்கி வர்க்கம் எடுத்துக்கொண்டே போ, ஒவ்வொன்றோடும் 1 கூட்டு: 3, 5, 17, 257, 65537. ஐந்தும் பகா எண்கள். இந்த வரிசையில் இனி வருவதெல்லாம் பகா எண்தான் என்று 1640-இல் கணித மேதை ஃபெர்மா நம்பினார். ஆறாவதாக வருவது இது, 2³² + 1. 1732-இல் இன்னொரு கணித மேதை ஆய்லர் அதை 641 × 6700417 என்று உடைத்துக் காட்டினார். ஃபெர்மா நம்பியது பொய்த்தது, சரி. அதனால் அவர் சின்னவராகிவிட்டாரா, சொல்.

இந்த 2³² + 1-ஐ வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 64-இன் மடங்கோடு 1 கூட்டினால் வருவதாகத்தான் இருக்கும். 193, 257, 449, 577, அடுத்தது 641. ஐந்தாவது முயற்சியிலேயே கிடைத்துவிடுகிறது! நீல நோட்டில் வகுத்தே பார்த்தேன், மீதி இல்லை. வகுக்காமலும் காட்டலாம். 640 என்பது 5 × 2⁷. 641-க்கு ஒன்று குறைவு என்பதால் 640⁴-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி 1. அந்த 640⁴ என்பது 625 × 2²⁸. 625-ம் 641-க்குப் பதினாறு குறைவு, ஆகவே அதன் இடத்தில் −16 போடு: −2³² வருகிறது, அதற்கும் மீதி 1. அப்படியென்றால் 2³² + 1 மீதியின்றி வகுபட வேண்டும். எத்தனை தடவை எழுதினாலும் எனக்குச் சந்தோஷம் அடங்குவதில்லை.

இன்னொன்று. பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக ஒரு விதத்துக்கு மேல் எழுத முடியாது. இதுவோ 65536² + 1². அதுவே 62264² + 20449². அந்த 20449-ம் 143-இன் வர்க்கம். உடைந்த எண்ணுக்குள் இவ்வளவு இருக்கிறது.

நீ பள்ளியிலேயே அப்படித்தான். ஒரு கணக்கு தப்பினால் நோட்டையே மூடிவிடுவாய், சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டாய். அந்தக் கோபம்தான் உன்னை இவ்வளவு தூரம் கொண்டுபோனது, எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் வீட்டுக்கு ஒரு வார்த்தைகூடவா கிடையாது? உன் ஆறாவது எண் எங்கே, எதனால் உடைந்தது என்று எழுதி வை. மனதில் போட்டு உருட்டாதே, தாளில் எழுது. தேதி போட்டு எழுது.

வரிசையில் அடுத்தது 2⁶⁴ + 1 இருக்கிறதே, அதை 274177 வகுக்கும். 274177 என்பது 1071 × 256 + 1. அதற்கு மேல் எனக்குப் பிடிபடவில்லை. 641-க்கு வந்த மாதிரி இதற்கும் நாலு வரியில் வருமா என்று பார்த்து அனுப்பு. வரவில்லை என்றால் வரவில்லை என்று எழுது, அதுவும் போதும்.

அன்புடன்,
அம்மா