பத்து ஆராங் (சிலாங்கூர், மலேசியா): சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, இந்தக் கூட்டத்துக்கென்றே வெளியூரிலிருந்து வந்திருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். தனியாக இருக்கும் முதியவர்களுக்குத் தீபாவளி அன்பளிப்பு வீடு தேடிப் போய்ச் சேர்ந்தது. இடுகாட்டில் நடந்த கோத்தோங் ரோயோங், அதாவது எல்லாரும் சேர்ந்து செய்யும் துப்புரவு வேலை, மழையால் பாதியில் நின்றது. புல் மறுபடியும் இடுப்பளவு நிற்கிறது. பொங்கல் விழாவில் கோலப் போட்டிக்கு ஆள் இருந்தது, கயிறு இழுக்க இரண்டு பக்கத்துக்கும் ஆள் சேரவில்லை. கணக்கைப் பொருளாளர் வைப்பார்.

கயிறு இழுக்க ஆளில்லாததைச் சிரித்துக் கடந்துவிட்டோம். சந்தாப் பதிவேட்டைப் புரட்டினால் சிரிப்பு வராது. பாதிப் பெயர்களுக்கு எதிரே ரவாங், சுங்கை பூலோ, ஷா ஆலம் என்று முகவரி மாறியிருக்கிறது. போனவர்களைக் குறை சொல்ல எதுவுமில்லை. இந்த ஊரை உண்டாக்கிய நிலக்கரிச் சுரங்கமே 1960-இல் மூடிக்கொண்டு போய்விட்டதே.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைப் பழைய செங்கல் சூளைப் புகைபோக்கி வரை நடத்திக்கொண்டு போனோம். ஒரு பையன், “ரயில் எங்கே தாத்தா?” என்று கேட்டான். கூட வந்த பெரியவர் செடி மண்டிய ஒரு மேட்டைக் கைகாட்டினார். பையன் நம்பவில்லை. நியாயம்தான், தண்டவாளம் இருந்தால்தானே நம்புவதற்கு?

அவனுக்குச் சொன்னதை இங்கேயும் பதிவு செய்கிறேன். 1908-இல் இங்கே நிலக்கரி இருப்பது தெரிந்தது. 1915-இல் மலாயன் கோலியரீஸ் கம்பெனி வெட்டத் தொடங்கியது. குவாங்கில் பிரிந்து வந்த கிளைப் பாதையில் கரி ஏறிப் போனது. அந்தக் கரியை எரித்தே, பிரிட்டிஷார் காலத்துக் கூட்டரசு மலாய் மாநிலங்களின் ரயில்கள் ஓடின. கோலாலம்பூரின் பங்சார் மின் நிலையமும் ஈயச் சுரங்கங்களும் அதை வாங்கின. நம் கரியில் ஒரு வம்பு உண்டு: குவித்து வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். அதனால் வெட்டியதை வைத்திருக்க முடியாது, ரயில் வந்தாக வேண்டும். பிறகு ரயிலும் மின் நிலையமும் எண்ணெய்க்கு மாறின. வாங்க ஆளில்லாமல் சுரங்கமும் நின்றது.

இங்கே சீனர், தமிழர், மலாய்க்காரர், ஜாவாக்காரர் எல்லாரும் வேலை செய்தார்கள். 1937 மார்ச்சில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து சுரங்கத்தையே தங்கள் கைக்குள் கொண்டுவந்தார்கள்; ஆயுதப் படை வந்துதான் மீட்டது. வரலாற்று நூல்களில் இதெல்லாம் இருக்கிறது. ஆனால் யார் வீட்டு அப்பா எந்த வேலை பார்த்தார், எந்த ஊரிலிருந்து கப்பலேறினார், சுரங்கம் மூடியபின் குடும்பம் எங்கே போனது என்பது எந்த நூலிலும் இல்லை. கடைசி வருடம் பதினெட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தவருக்கே இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. இந்த ஆண்டு நாம் வைத்த மலர்வளையங்களில் பல அந்த வீடுகளுக்குத்தான்.

ஆகவே செயலவை இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறது. ஒன்று, குடும்பப் பதிவேடு தொடங்குவது. சம்பளச் சீட்டு, பழைய அடையாள அட்டை, குழுப்படம் எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். படி எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தந்துவிடுவோம். அப்புறம், வெளியூரில் குடியிருப்பவரும் முழு உறுப்பினராக இருந்து வாக்களிக்கும்படி விதியைத் திருத்துவது. “ஊரில் இல்லாதவனுக்கு ஊரில் என்ன ஓட்டு?” என்று சிலர் கேட்டார்கள். சரி, ஊரில் இருப்பவர்களை மட்டும் எண்ணினால் அடுத்த வருடம் கூட்டத்துக்குக் கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கை, சேருமா என்று அவர்களே சொல்லட்டும்.

முதல் தீர்மானத்துக்கு முன்மொழிபவரும் வழிமொழிபவரும் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவதற்கு வழிமொழிய ஒருவர் தேவை.

இப்படிக்கு,
செயலாளர்