பிரிட்டானியா ஓட்டிய நாட்கள்

அன்புள்ள மகனுக்கு,

இத்தனை வருடம் உழைத்துக் கற்ற வேலை இனி யாருக்கும் வேண்டாததாகிவிடுமோ என்று போனில் கேட்டாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு நாளாக மனதில் பிரிட்டானியா விமானம்தான் ஓடுகிறது. நான் அதை ஓட்டினேன் என்பது உனக்குத் தெரியும். மற்றதை நான் சொன்னதே இல்லை.

அதற்கு முன் பிஸ்டன் என்ஜின் விமானங்களில் இருந்தேன். நெடுந்தூரம் போய் இறங்கிப் படுத்தாலும் உடம்புக்குள் அதிர்வு ஓயாது. பிரிட்டானியாவில் முதல் நாள், ஜெட் போன்ற சுழலியால் புரொப்பல்லரைச் சுற்றும் 4 டர்போபிராப் என்ஜினும் ஓடிக்கொண்டிருக்க, காக்பிட்டில் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டோம். கிசுகிசுக்கும் ராட்சசன் என்று அதற்குப் பட்டப்பெயர். பொருத்தமான பெயர்தான்.

ஆனால் அது தாமதமாக வந்தது. அதன் புரோட்டியஸ் என்ஜினில் காற்று உள்ளே போய் ஒரு வளைவில் திரும்ப வேண்டும். வெப்ப மண்டலத்து மேகங்களில் பறக்கும்போது அந்த வளைவில் ஈரப்பனி சேர்ந்து, கட்டியாகப் பெயர்ந்து உள்ளே விழும். எரியும் தீ அணைந்துவிடும். சோதனைப் பறப்பில் இதைக் கண்டுபிடித்து, அணைந்த தீயை உடனே மறுபடி பற்றவைக்கும் கனல் பிளக்குகளைப் பொருத்தி முடிப்பதற்குள் காலம் போய்விட்டது. 1957 டிசம்பர் 19 அன்றுதான் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு நேர்ச் சேவை தொடங்கியது. 1958 அக்டோபர் 4 அன்று அதே அட்லாண்டிக் கடலின் மேல் காமெட் ஜெட் வந்துவிட்டது. பத்து மாதம்கூட இல்லை, பார்.

நான் பயிற்சி முடித்து இருக்கையில் உட்கார்ந்தபோது அது பழைய விமானம்.

இரவில் இடி மேகங்களுக்கு நடுவே போகும்போது என்ஜின் வெப்பம் காட்டும் 4 முள்களை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன். பிளக் இருக்கிறது, தீ அணைந்தாலும் பிடித்துக்கொள்ளும் என்று தெரியும். இருந்தாலும் காது அந்தச் சத்தத்தின் மேலேயே இருக்கும். வழி கணிக்கும் நேவிகேட்டர், கோணம் அளக்கும் செக்ஸ்டன்ட் கருவியில் நட்சத்திரம் பார்த்து, கணக்குப் போட்டு, வரைபடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். கடலின் நடுவில் ஒரு கட்டம் வரும். அதைத் தாண்டினால் புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப எரிபொருள் போதாது. அந்த நேரத்தை அவர் சொல்லும்போது காக்பிட்டில் யாரும் பேச மாட்டோம். எனக்கு மிகவும் பிடித்த நிமிடம் அது.

விடிந்ததும் சில நாள் தலைக்கு மேல் வெகு உயரத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். ஜெட். நாங்கள் 20,000 அடிக்குச் சற்று மேலே மேகத்துக்குள் குலுங்கிக்கொண்டிருப்போம். அவர்கள் வெயிலில் போவார்கள். வலித்தது, மறைக்க மாட்டேன்.

அப்புறம் நானும் ஜெட்டுக்கு மாறினேன். என்ஜின் புதிது, வேகம் புதிது, தரையிறக்கம் முதற்கொண்டு எல்லாம் மறுபடி படிக்க வேண்டியிருந்தது. ஆனால் தூரத்து மேகத்தைப் பார்த்து எந்தப் பக்கம் விலக வேண்டும் என்று முடிவெடுப்பதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அதைப் பிரிட்டானியாவிலேயே கற்றிருந்தேன்.

என் பறப்புப் பதிவேடு அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. நீ வரும்போது எடுத்து வை, சேர்ந்து பார்ப்போம். அந்த இரவுகளில் பாதி, நீ தூங்கும்போது நான் வீட்டில் இல்லாத இரவுகள்.

அன்புடன்,
அப்பா