"சைக்கிள் ஓட்டத் தெரிந்தால் போதும்" என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பயணப் பக்கத்தில், மத்திய வேல்ஸ் மலைகளைச் சுற்றிவரும் சைக்கிள் பாதை பற்றிய கட்டுரையில் ஒரு வரி: "சைக்கிள் ஓட்டத் தெரிந்தால் போதும், மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்." இதை நம்பி யாராவது வாடகை சைக்கிளோடு அந்தச் சாலையில் ஏறிவிடக் கூடாதே என்ற பதைப்பில் எழுதுகிறேன். அந்தப் பாதையை எல்லாப் பருவத்திலும் ஓட்டிப் பழகியவன் நான்.

லானுர்ட்டிட் வெல்ஸில் கிளம்பி, இர்வோன் ஆற்றங்கரையோடு அபெர்குவெசின் போய், மலைச்சாலையில் ஏறி, மொட்டை வெளியில் தனியாக நிற்கும் சிவப்புத் தொலைபேசிக் கூண்டருகே இடப்பக்கம் திரும்பி, லின் பிரியானெ நீர்த்தேக்கம், ரான்டிர்முயின், லாண்டோவரி வழியாகப் புறப்பட்ட இடத்துக்கே வந்தால் சுமார் 70 கிலோமீட்டர். மொத்த ஏற்றம் ஆயிரம் மீட்டருக்கு மேல். தூரத்தை மட்டும் பார்த்தால் கட்டுரையாளர் சொன்னது சரி என்றுதான் தோன்றும். ஆனால் வழியில் டெவில்ஸ் ஸ்டேர்கேஸ் என்ற ஏற்றம் இருக்கிறது. 'சாத்தானின் படிக்கட்டு' என்று பெயரை அழகாக மொழிபெயர்த்தவர், அதன் சரிவு 25 சதவீதம் என்பதை எங்குமே சொல்லவில்லை. நான்கு மீட்டர் முன்னால் போனால் ஒரு மீட்டர் உயர வேண்டும். இதை எப்படி விட முடிந்தது?

கணக்கைப் பாருங்கள். ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்றால், அந்தச் சரிவில் மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் ஏறவே சுமார் 340 வாட் வேண்டும். பயிற்சி உள்ளவர் அதைச் சில நிமிடங்கள் தாங்குவார். முன்பக்கப் பல்சக்கரத்தில் 34 பல், பின்பக்கத்தில் 34 பல் இருந்தால் அந்த வேகத்துக்குப் பெடலை நிமிடத்துக்கு 48 முறை சுற்ற வேண்டும்; சிரமம்தான், ஆனால் முடியும். முன்னால் 39, பின்னால் 25 என்ற பழைய ரோடு சைக்கிளில் 30 சுற்றுதான் வரும். ஒவ்வொரு மிதியும் மாடிப்படியில் மூட்டையோடு ஏறுவது போல இருக்கும், முழங்கால் கெடும். பின்பக்கக் கேசட்டை (பல்சக்கர அடுக்கை) மட்டும் பெரிதாக மாற்றினாலும் வேலை முடியாது. செயினைத் தாங்கும் கூண்டு குட்டையாக உள்ள கியர் மாற்றியில் அதன் மேல் உருளை பெரிய பல்சக்கரத்தில் உரசும், செயின் நீளமும் போதாது. கேசட், கியர் மாற்றி, செயின் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பெரிய பல்லுக்கு மாறும்போது செயின் ஆரக்கம்பிக்குள் விழாதபடி, கியர் மாற்றியின் உள்பக்க எல்லைத் திருகை வீட்டிலேயே சரிபார்க்க வேண்டும். சரிவு தொடங்கும் முன்பே கியரை இறக்கிவிட வேண்டும். பாதி ஏற்றத்தில் அழுத்தி மிதித்தபடி மாற்றினால் செயின் அறுந்துபோகலாம்.

இருக்கையை விட்டு எழுந்தால் ஈரச் சாலையில் பின்சக்கரம் வழுக்கும். உட்கார்ந்தே மிதித்தால் முன்சக்கரம் தூக்கும். இருக்கையின் முனைக்கு நகர்ந்து, முழங்கையை மடக்கி, மார்பைத் தாழ்த்த வேண்டும். கொண்டை ஊசி வளைவின் உள்ளோரம்தான் மிகச் செங்குத்து. எதிரில் வண்டி இல்லை என்று உறுதியானால் அகலமாகச் சுற்றி ஏறுவது நல்லது.

"எந்தத் திசையில் சுற்றினாலும் ஒன்றுதான்" என்றும் எழுதியிருக்கிறார். எனக்குத் தூக்கம் போனது அந்த வரியால்தான். எதிர்த்திசையில் வந்தால் அதே 25 சதவீதத்தில் இறங்க வேண்டும். ஒரு வண்டி மட்டுமே போகும் அகலம். வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று தெரியாது. மழையில், சக்கர விளிம்பை அழுத்திப் பிடிக்கும் ரிம் பிரேக் முதலில் தண்ணீரைத்தான் துடைக்கும். சக்கரம் சில சுற்று சுற்றிய பிறகே பிடிக்கும். "பிரேக்கைப் பிடித்தபடியே மெல்ல இறங்குங்கள்" என்ற அறிவுரை அதைவிட ஆபத்து. தொடர்ந்து தேய்த்தால் ரிம் சூடேறும், டியூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு விட வேண்டும். கால்நடை தாண்டாமலிருக்கப் பதித்த இரும்புக் கம்பித் தடுப்புகளை நேராக, பிரேக் தொடாமல் கடக்க வேண்டும். தாய் ஆடு ஓரத்தில், குட்டி மறு ஓரத்தில் நின்றால், குட்டி கட்டாயம் குறுக்கே ஓடும். ஒரு வரியாவது இதற்கு ஒதுக்கியிருக்கலாம்.

அபெர்குவெசின் தாண்டிய மலைச்சாலையில் கடை கிடையாது, கைபேசி சிக்னலும் நம்ப முடியாது. முக்கால் லிட்டர் புட்டி இரண்டு, டியூப் இரண்டு, மழைச் சட்டை, மணிக்கு 60 கிராம் மாவுச்சத்துக் கணக்கில் உணவு, இவை இல்லாமல் ஏறவே கூடாது.

இது முதல் முறையும் அல்ல. முன்பு காஸ்பல் பாஸ் என்ற மலைக்கணவாய் பற்றி எழுதியபோது அதன் உயரமான 549 மீட்டரை 549 அடி என்று அச்சிட்டீர்கள். வேல்ஸின் மிக உயரமான தார்ச்சாலை ஒரே எழுத்துப்பிழையில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. இந்த முறை லின் பிரியானெயை 'இயற்கை ஏரி' என்கிறீர்கள். அது 1972இல் கட்டி முடித்த அணை. 91 மீட்டர், பிரிட்டனிலேயே உயரமானது. வேல்ஸை 'இங்கிலாந்தின் மேற்குப் பகுதி' என்று எத்தனை முறை எழுதிவிட்டீர்கள்! அது தனி நாடு, தனி மொழி. 'ழ'வை அடுத்தவர் சிதைத்தால் நமக்கு எப்படி வலிக்கும் என்று தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுடைய இரட்டை 'எல்' ஒலியும் அப்படித்தான். நாக்கை 'ல'வில் வைத்துக் காற்றை ஊதும் அந்த ஒலிக்குத் தமிழில் எழுத்து இல்லை. ஆனாலும் ஒரே ஊரை ஒரே கட்டுரையில் மூன்று விதமாக எழுதாமலாவது இருக்கலாம்.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் ஒரு சிறு கட்டம் போதும்: சரிவு 25 சதவீதம், அபெர்குவெசின் பக்கமிருந்து ஏறுக, பின்னால் 34 பல் வேண்டும், தண்ணீரும் உணவும் முன்பே எடுத்துச் செல்க. கோடை விடுமுறைக்கு முன் வந்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன், கார்டிஃப்