தரங்கம்பாடிக்குத் தனியாக வருபவர்களையும் நினையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தரங்கம்பாடி பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் சுற்றுலா வளர்ச்சி என்ற பேச்சும் கூடவே வருகிறது. கார் நிறுத்த இடம், தங்கும் விடுதி, கடற்கரையில் விளக்கு. எல்லாம் சரி. மயிலாடுதுறையில் பஸ் ஏறித் தனியாக வந்து, ஊரை நடந்தே பார்த்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப நினைப்பவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான் அந்த ரகம். குத்தாலத்துக்காரி, தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவள். போன மாசியில் ஒரு நாள் முழுக்க அங்கே சுற்றிவிட்டு வந்தேன்.

செம்பனார்கோயில், ஆக்கூர் தாண்டித் திருக்கடையூர் வந்ததும் பஸ் பாதி காலியாகிவிட்டது. அறுபதாம் கல்யாணத்துக்கு மாலையும் தாம்பாளமுமாக வந்த கூட்டம் அங்கே இறங்கியது. பக்கத்தில் இருந்த அம்மாள், "நீங்க இறங்கலையா?" என்றார். தரங்கம்பாடி போகிறேன் என்றதும், "அங்க யாரு இருக்கா?" என்று கேட்டார். ஊரைப் பார்க்கத்தான் என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. கோயிலோ உறவுக்காரர் வீடோ இல்லாமல் ஒரு பெண் ஓர் ஊரைச் சும்மா பார்க்கப் போவது நம் பக்கத்தில் இன்னும் பழகவில்லை. பழக வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதைத் தொடங்குவதற்குத் தரங்கம்பாடியை விட நல்ல ஊர் டெல்டாவில் இல்லை.

காரணம், ஊரின் அளவு. டேனிஷ்காரர்கள் 1792-இல் கட்டிய நகர வாயிலில் நுழைந்து ராஜ வீதியில் நேரே நடந்தால் கொஞ்ச நேரத்தில் கடல் தெரிகிறது. இந்தச் சின்ன ஊர்தான் டேனிஷ் இந்தியாவின் தலைநகராக இருந்தது. தஞ்சை ரகுநாத நாயக்கர் 1620-இல் டென்மார்க் அரசருக்குத் தங்க ஓலையில் கடிதம் அனுப்பினார். அந்த ஓலை இன்றும் கோபன்ஹேகனில் அரசு ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. அதே ஆண்டு டேனிஷ்காரர்களின் கோட்டை எழும்பத் தொடங்கியது. 1845-இல் ஊரைப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றார்கள். அந்த விலையில் வங்காளத்துச் செராம்பூரும் அடக்கம். அதற்கப்புறமும் 1860 வரை தஞ்சாவூர் ஜில்லாவின் தலைமையிடம் இங்கேதான் இருந்தது. இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் ஒரு தாலுகா.

வீதியில் நான் அதிக நேரம் நின்றது 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில். ஜெர்மனியிலிருந்து வந்த பாதிரியார் சீகன்பால்கு அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1706 ஜூலையில் கப்பலில் வந்து இறங்கியவர், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து விரலால் எழுதித் தமிழ் படித்தார். இரண்டே வருடத்தில் இதே ஊர் கவர்னர் அவரைக் கோட்டைக்குள் நான்கு மாதம் அடைத்து வைத்தார். வெளியே வந்தவர் அச்சுக்கூடம் நிறுவி, 1715-க்குள் புதிய ஏற்பாடு முழுவதையும் தமிழில் அச்சடித்து முடித்தார். பக்கத்துப் பொறையாறில் காகிதப் பட்டறையும் போட்டார்கள், தமிழ் அச்செழுத்தும் வார்த்தார்கள். நம் பத்திரிகை வாசகர்கள் தங்கள் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்ட வேண்டிய இடம் அது.

கடலோரம் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது, கோட்டையை விட முந்நூறு ஆண்டு மூத்தது. பழைய கட்டடத்தில் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கோட்டைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. எனக்கு இது பெரிய வருத்தம்.

கோட்டைக்கு எதிர்த் திடலில் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் கவர்னர் பங்களா முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் என்னிடம் வந்து, "இது என்ன கட்டடம் ஆன்ட்டி?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நான் நிறுத்திய பிறகும் அவர்கள் நகரவில்லை. தங்க ஓலையைப் பற்றி மறுபடி சொல்லச் சொன்னார்கள். கேட்க ஆள் இருக்கிறது, சொல்லத்தான் ஆள் இல்லை. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு, முக்கியமாக மீனவர் தெருப் பெண்களுக்கு, ஊர் வரலாற்றில் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக நியமிக்கலாம். வேன் நிறைய வரும் கூட்டத்துக்கு மட்டுமல்லாமல், ஒற்றை ஆளாக வருபவருக்கும் கட்டுப்படியாகிற ஒரு கட்டணம் எழுதிப் போட வேண்டும். நகர வாயிலில் எந்தக் கட்டடம் எங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடப் பலகை, பெரிய தமிழ் எழுத்தில், மாசிலாமணிநாதர் கோயிலையும் சேர்த்து, வைக்க வேண்டும்.

வெயில் ஏறிய பிறகு ராஜ வீதியில் உட்கார நிழல் தேடி அலைந்தேன். நான்கு பெஞ்சும் சில வேப்ப மரங்களும் பெரிய செலவில்லை. கழிப்பறையைப் பற்றிப் பெண்கள் வெளிப்படையாக எழுதத் தயங்குகிறோம், நான் எழுதுகிறேன். அன்று நான் மதியம் வரை தண்ணீர் குடிக்காமல்தான் நடந்தேன். கடைசியில் நெத்திலி வறுவலும் சாப்பாடும் போட்ட ஒரு வீட்டுக் கடை அக்கா, தன் வீட்டுக்குள் அழைத்துப் போனார். "எல்லாப் பொம்பளைங்களும் இதத்தாம்மா கேக்குறாங்க" என்றார். அது அவருடைய நல்ல மனசு. ஒரு சுற்றுலா ஊர் அதை நம்பி இருக்கக் கூடாது. சுத்தமான, பூட்டாத கழிப்பறை கோட்டைப் பக்கம் ஒன்று, பஸ் நிற்கும் இடத்தில் ஒன்று போதும்.

திரும்பும்போது மயிலாடுதுறைக்கு அடுத்த பஸ் எப்போது என்று கேட்டதற்கு ஆளுக்கொரு நேரம் சொன்னார்கள். இருட்டத் தொடங்கிய நேரத்தில் தனியாக நிற்கும் பெண்ணுக்கு அந்தப் பதில் போதாது. கடைசி பஸ் வரை நேரத்தை எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமையாவது மாலையில் கூடுதலாக ஒரு பஸ் வேண்டும்.

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926-இல் ரயில் விட்டார்கள், 1986-இல் நிறுத்தினார்கள். சின்ன வயதில் அப்பாவோடு அதில் போயிருக்கிறேன். அந்தப் பாதையை மீண்டும் போட வேண்டும் என்று கேட்பவர்களோடு நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனால் ரயில் வரும் வரை மற்றவை காத்திருக்க வேண்டியதில்லை. பஸ் நேரப் பலகை, கழிப்பறை, நிழல் மூன்றையும் வரும் கோடை விடுமுறைக்குள் மாவட்ட நிர்வாகம் செய்து தர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியை,
குத்தாலம்