உன் அம்மாயி திரும்பி வந்தவள் இல்லை

கோத்தகிரி
கார்த்திகை 20

அன்பு மகள் மலருக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். டெல்லியில் குளிர் தொடங்கிவிட்டது என்றாய். கோத்தகிரியில் பிறந்தவளுக்கு அந்தக் குளிர் என்ன செய்யும் என்று உன் அப்பா பெருமையடித்துக்கொண்டிருக்கிறார். அதை நம்பி ஸ்வெட்டர் போடாமல் திரியாதே.

நம் குடும்பம் ஏன் ஊர் மாறி ஊர் வந்தது என்று நீ போனில் கேட்டதற்கெல்லாம் போனிலேயே பதில் சொல்ல முடியவில்லை. பாதியில் லைன் போய்விடுகிறது, இல்லாவிட்டால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் காகிதம். நீ அனுப்பிய குடும்ப வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்து வாங்கி, அரிசி டின் மேல் விரித்து வைத்திருக்கிறேன். மூன்று நாளாக அடுப்படிக்குப் போகும்போதும் வரும்போதும் அதையே பார்க்கிறேன்.

புலம்பெயர்வு பற்றிய உன் வகுப்பில் நடந்ததை நீ சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது. எங்கிருந்து, எங்கே, எந்த வருடம், ஏன் என்று நான்கு கட்டம். அந்த ‘ஏன்’ கட்டத்தையும் இரண்டாகப் பிரித்து, தள்ளிய காரணம் ஒரு பக்கம், இழுத்த காரணம் ஒரு பக்கம். மற்றவர்கள் அரைமணி நேரத்தில் நிரப்பிக் கொடுத்துவிட்டார்களாம். நீயும், 1947இல் லாகூர்ப் பக்கமிருந்து வந்த பாட்டியின் பேத்தியும் மட்டும் ‘ஏன்’ கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு டீ குடிக்கப் போனீர்களாம். (அங்கே டீயா கொடுக்கிறார்கள்? பாலைக் கொதிக்கவைத்துச் சர்க்கரையைக் கொட்டித் தருகிறார்கள். தோட்டத்துப் பிள்ளை அதைக் குடிக்கலாமா?)

சரி, கட்டத்துக்கு வருகிறேன்.

என் தாத்தா 1920களில் துறையூர்ப் பக்கத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். எந்த ஊர் என்று கேட்டால் ‘துறையூர்ப் பக்கம்’ என்பதோடு முடிந்தது. தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி வந்து, முன்பணம் கொடுத்து ஆள் கட்டியிருக்கிறார். அந்த முன்பணம் கடனாகத் தோட்டம் வரைக்கும் கூடவே போயிருக்கிறது. மண்டபத்தில் இலங்கை அரசே ஒரு முகாம் நடத்தியது. அங்கே சில நாள் வைத்து, அம்மை ஊசி போட்டு, நோய்நொடி இல்லை என்று பார்த்த பிறகுதான் தனுஷ்கோடியில் கப்பல் ஏற்றுவார்கள். தலைமன்னாரில் இறங்கினால் மறுபடியும் ரயில். 1914இல் திறந்த பாதை அது. தேயிலைக்கு முன்னால், காப்பித் தோட்டக் காலத்தில் போனவர்களுக்கு இந்தச் சௌகரியம்கூட இல்லை. மன்னார்க் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தே போனவர்கள் அவர்கள். வழியிலேயே செத்துப்போனவர்கள் ஏராளம்.

தாத்தாவின் கட்டத்தில் ‘மழை இல்லை, கடன்’ என்று எழுதியிருக்கிறாய். சாதியையும் சேர்த்து எழுது. அதை நம் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் ஊருக்குத் திரும்பிப் போகலாம் என்ற பேச்சை யாராவது எடுத்தால் தாத்தா எழுந்து வெளியே போய்விடுவாராம், அம்மா சொல்வாள்.

அடுத்தது எங்கள் கட்டம். 1948இல் இலங்கைக்குச் சுதந்திரம் வந்தது. அந்த வருடமே வந்த குடியுரிமைச் சட்டத்தில் தோட்டத்து ஆட்களில் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் இல்லாதவர்கள் ஆனார்கள். அப்புறம் 1964 அக்டோபர் 30, இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம். மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு வைத்தார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். இந்தியாவுக்கு 7 பேர் போனால் இலங்கை 4 பேரை வைத்துக்கொள்ளும், அதுதான் விகிதம்.

உன் அம்மாயி இரண்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் இந்தக் கணக்கை அவள் விளக்கிய மாதிரி எந்தப் புத்தகமும் விளக்காது. “கொழுந்து நிறுக்கிற மாதிரிதான்டி எங்களை நிறுத்தாங்க. தண்ணிக்குன்னு ரெண்டு ராத்தல் கழிப்பாங்கல்ல, அதுதான் அந்த ஒன்றரை லட்சம்” என்பாள்.

எங்கள் அப்பா இந்தியாவுக்கு விண்ணப்பம் போட்டபோது எனக்கு இரண்டு வயதுகூட இல்லை. அப்போது அவரை யாரும் தள்ளவில்லை. அங்கே போனால் நிலம் கிடைக்கும், பிள்ளை பள்ளிக்கூடம் போகும் என்று ஆசைதான். பேப்பர் எல்லாம் கைக்கு வந்து நாங்கள் பொட்டி கட்டியது 1974இல். அதற்குள் தோட்டத்தில் பஞ்சம் வந்துவிட்டது. கூப்பன் அரிசியைக் குறைத்துவிட்டார்கள், மாவு இல்லை, மரவள்ளிக் கிழங்கு கிடைத்தாலே அன்றைக்கு நல்ல நாள். விண்ணப்பம் போடும்போது இழுத்தது, புறப்படும்போது தள்ளியது. ஒரே குடும்பம், நடுவில் ஐந்து வருடம், அவ்வளவுதான். உன் கட்டத்தில் இதை எந்தப் பக்கம் எழுதுவாய்? கட்டம் வரைந்தவருக்கு ஆபீசில் காத்திருந்த அனுபவம் இல்லை என்று நினைக்கிறேன்.

அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, இலங்கைக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். அவருக்கு அது கிடைத்தது, எங்களுக்கு இது கிடைத்தது. எங்கள் தோட்டம் இருந்த மஸ்கெலியாவிலிருந்து ஹட்டன் ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தவர், தோளில் அம்மாவின் அம்மிக்கல்லைச் சுமந்துகொண்டு வந்தார். அது இல்லாமல் வரமாட்டேன் என்று அவள் ஒரே பிடியாக நின்றிருக்கிறாள். ஸ்டேஷனில் ஏற்கெனவே தகரப் பெட்டிகள் மலைபோல் கிடந்தன. ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்டில் பெயரும் நம்பரும். அம்மியை ஏற்ற முடியாது என்றுவிட்டார்கள். மாமா ஒன்றும் பேசாமல் அதை மறுபடியும் தோளில் தூக்கிக்கொண்டார். கோச்சி கிளம்பி வெகு நேரம் கழித்துத்தான் அம்மாவுக்கு நினைவு வந்தது, குழவியைச் சேலையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள் என்று. “அம்மி இலங்கைக் குடியுரிமை, குழவி இந்தியக் குடியுரிமை” என்று அப்பா கடைசிவரை கேலி செய்வார். மேட்டுப்பாளையத்தில் வேறு அம்மி வாங்கினார்கள். அந்தக் குழவி இந்த அம்மியில் சரியாக உட்காரவே இல்லை. சட்னி திப்பி திப்பியாக இருந்தால் அம்மா கல்லைத் திட்டமாட்டாள், சாஸ்திரியைத் திட்டுவாள்.

ராமானுஜம் கப்பல், ராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் முகாம். தாத்தா ஊசி போட்டுக்கொண்டு போன அதே மண்டபம்தான். இலங்கைக்கு ஆள் அனுப்ப நடத்திய இடம், இலங்கை அனுப்பிய ஆட்களை வாங்கிக்கொள்ளும் இடமாகிவிட்டது. 1983க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்தவர்களையும் அங்கேதான் கொண்டுபோய் வைத்தார்கள். உன் வரைபடத்தில் மண்டபத்துக்குக் கடுகளவு ஒரு புள்ளி வைத்திருக்கிறாய். அதைக் கொஞ்சம் பெரிதாக்கு.

எங்களைச் சேரம்பாடிக்கு அனுப்பினார்கள். எங்களைப் போன்றவர்களுக்காகவே அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டம், இப்போது டான்டீ என்கிறோமே, அது. புதுப் பள்ளிக்கூடத்தில் முதல் வாரமே நான் ரயிலைக் ‘கோச்சி’ என்றும் ரொட்டியைப் ‘பாண்’ என்றும் சொல்லப்போக, வகுப்பே சிரித்தது. டீச்சரும் சேர்ந்து சிரித்தார். அன்றிலிருந்து நான் ‘சிலோன்காரி’. இலங்கையில் இருந்தவரைக்கும் எங்களை ‘இந்தியாக்காரர்கள்’ என்றார்கள்.

1986இல் ஒருமுறை அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு துறையூர் போனார். சொந்த ஊரைப் பார்த்துவிட்டு வருவோம் என்று புது வேட்டி கட்டிக்கொண்டார். தாத்தா பெயரையும் அவருடைய அப்பா பெயரையும் ஒரு சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு மூன்று ஊர் சுற்றினோம். மூன்றாவது ஊரில் ஒரு பெரியவர் திண்ணையில் உட்காரவைத்து, ஏதோ நினைவு வருகிற மாதிரி இழுத்தார். எங்களுக்கு மூச்சே நின்றுவிட்டது. அதற்குள் உள்ளேயிருந்து வந்த அவருடைய மகன், நிலத்தில் பங்கு கேட்டு வந்திருக்கிறீர்களா என்று கேட்டான். பெரியவருக்கு உடனே எல்லாம் மறந்துபோனது. மோர் கொடுத்தார்கள், குடித்துவிட்டு எழுந்து வந்தோம். பஸ்ஸில் அப்பா அந்தச் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த ஊர்ப் பேச்சை அவர் எடுத்ததில்லை.

இதையெல்லாம் எழுதுவது எதற்கென்றால், அந்த அம்புக்குறிக்காக. மஸ்கெலியாவிலிருந்து தமிழ்நாட்டுக்கு ஒரு அம்பு போட்டு, அதன் மேல் ‘தாயகம் திரும்புதல்’ என்று எழுதியிருக்கிறாய். நீ சொந்தமாக எழுதவில்லை, அரசாங்கச் சான்றிதழில் இருப்பதும் அதுதான், ‘தாயகம் திரும்பியோர்’. ஆனால் அம்மாயியின் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். பிறந்த இடம், மஸ்கெலியா, இலங்கை. 1974க்கு முன்னால் அவள் இந்தியாவில் ஒருநாள்கூட இருந்ததில்லை. பார்த்தே இராத இடத்துக்கு ஒருத்தி எப்படித் திரும்பி வருவாள்? திரும்புவதாக இருந்தால் அவள் மஸ்கெலியாவுக்கு அல்லவா திரும்பியிருக்க வேண்டும்! இரண்டு காகிதத்தையும் படம் எடுத்து அனுப்புகிறேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்து உன் பேராசிரியரிடம் காட்டு. மார்க் குறைத்தால் குறைக்கட்டும்.

குழந்தைகளை யாரும் கேட்டுக்கொண்டு கூட்டிப்போவதில்லை என்று புலம்பெயர்வை ஆராய்ந்த எவரெட் லீ 1966லேயே எழுதியிருக்கிறார் என்று சொன்னாயே, அந்த மனிதருக்கு என் வணக்கம். ஆறு வயதில் என் கட்டத்தில் ‘ஏன்’ என்றால் ‘அம்மா கையைப் பிடித்திருந்தேன்’ என்று எழுதிக்கொள்.

உன் அப்பாவுக்கு மிகவும் பிடித்தது அந்த ராவன்ஸ்டைன். 1885இல் புலம்பெயர்வுக்கு விதிகள் எழுதியவர், அவரே ஜெர்மனியிலிருந்து லண்டனுக்குப் போனவர் என்று நீ சொன்னதிலிருந்து, பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆண்களைவிடப் பெண்கள்தான் அதிகம் இடம் மாறுகிறார்கள், ஆனால் கிட்டத்திலேயே என்கிறாராம். நம் ஊருக்கும் அது பொருந்தத்தான் செய்கிறது. 2011 கணக்கெடுப்பில் இடம் மாறியவர்கள் 45 கோடிக்கு மேல், பெண்களில் பெரும்பாலோருக்குக் காரணம் கல்யாணம். சேரம்பாடியிலிருந்து அரைநாள் பஸ்ஸில் கோத்தகிரிக்கு வந்த நானும் அதில் ஒருத்தி. உன் வரைபடத்தில் இரண்டு தடவை இடம் மாறியவள் நான், பார். ஆனால் என் பெயருக்கு நேரே ‘திருமணம்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாயே! சத்துணவு வேலை எனக்கு இங்கே வந்த பிறகுதான் கிடைத்தது. அதையும் எழுது.

வேலை என்றதும் நினைவு வருகிறது. பள்ளிக்கூடத்தில் இந்த வருடம் ஜார்க்கண்ட் பிள்ளைகள் நாலு பேர். தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். நம் ஆட்களின் பிள்ளைகள் திருப்பூர், கோயம்புத்தூர் என்று போய்விட்டார்கள், கொழுந்து பறிக்க ஆள் இல்லை. இரண்டாம் வகுப்பில் ஒருவன் இருக்கிறான், என்னைத் ‘தீதீ’ என்பான். அவன் முதலில் கற்றுக்கொண்ட தமிழ் வார்த்தை ‘முட்டை’. இரண்டாவது ‘இன்னொன்னு’. அவனை மற்ற பையன்கள் ‘இந்திக்காரன்’ என்று கூப்பிட்டதற்குக் கரண்டியைக் காட்டி அதட்டினேன். சத்தம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது போல, தலைமையாசிரியை வந்து, உங்களுக்கு என்னக்கா ஆச்சு என்று கேட்டார்.

வர்க்கி ஒரு கிலோ வாங்கி வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் பார்சல் போடுவேன். லாகூர்ப் பாட்டியின் பேத்திக்கும் கொடு. பொங்கலுக்கு டிக்கெட் போட்டுவிட்டாயா இல்லையா என்று அப்பா கேட்கச் சொன்னார்.

அப்புறம் ஒன்று. உன் வரைபடத்தை மஸ்கெலியாவுக்கும் அனுப்பினேன். மாமா மகன் பதிலுக்கு ஒரு படம் அனுப்பியிருக்கிறான். தோட்டத்து லயன் வீடுகளுக்குப் பின்னால், வேலியோரம், அம்மாவின் அம்மி. நடுவில் தேய்ந்து குழிந்த இடத்தில் மழைத் தண்ணீர் நிற்கிறது, இரண்டு கோழி குடித்துக்கொண்டிருக்கின்றன.

அன்புடன்,
அம்மா