லாரி விபத்து வழக்கில் சீட் பெல்ட்டுக்கு எவ்வளவு கழிப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெடுஞ்சாலையில் லாரியின் பின்புறம் கார் மோதி, காரில் இருந்தவர் குடும்பம் இழப்பீடு கோரும் வழக்குகளில், காப்பீட்டு நிறுவனத்தின் எதிர்வாதம் பெரும்பாலும் ஒரே கேள்வியில் தொடங்குகிறது: சீட் பெல்ட் போட்டிருந்தாரா? போடவில்லை என்றால் அவர் மீதும் தவறு உண்டு என்று கூறி, தொகையில் ஒரு பகுதியைக் கழிக்கச் சொல்கிறார்கள். கேள்வி நியாயமானதே. அது முதலில் கேட்கப்படுவதும், பல வேளைகளில் அதோடு விசாரணையே ஓய்ந்துவிடுவதும்தான் தவறு.

பெல்ட் அணியாதது குற்றம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 194-பி பிரிவு அதற்கு 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. (பின்னிருக்கைக்கும் பெல்ட் கட்டாயம் என்பது, 2022 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே, காரின் பின்னிருக்கையில் பெல்ட் இன்றிச் சென்ற தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி விபத்தில் இறந்த பிறகுதான் நம்மில் பலருக்குத் தெரியவந்தது.) ஆனால் அபராதத்துக்கு உரிய செயல் எல்லாம் இழப்பீட்டைக் குறைக்கும் செயல் ஆகிவிடாது. ஒரே பைக்கில் மூவர் சென்றபோது கார் மோதிய வழக்கில், டெல்லி உயர் நீதிமன்றம் 10 சதவீதம் கழித்ததை உச்ச நீதிமன்றம் 2020-இல் ஏற்கவில்லை. மூவர் சென்றதால் விபத்து நேர்ந்தது, அல்லது அதனால் காயம் கூடியது என்பதற்குச் சாட்சியம் வேண்டும் என்றது.

பெல்ட் விஷயத்தில் இதன் இரண்டாவது பாதிதான் பொருந்தும். பெல்ட் போடாததால் விபத்து நேர்வதில்லை. காயத்தின் அளவுதான் மாறுகிறது. இங்கிலாந்தில் 1975-ஆம் ஆண்டு ஃப்ரூம் எதிர் புட்சர் வழக்கில் நீதிபதி டென்னிங் பிரபு இதற்கு ஓர் அளவுகோலே வகுத்தார். பெல்ட் அணிந்திருந்தால் காயமே ஏற்பட்டிருக்காது என்றால் 25 சதவீதம் கழிக்கலாம். காயம் கணிசமாகக் குறைந்திருக்கும் என்றால் 15 சதவீதம். அணிந்திருந்தாலும் இதே காயம்தான் என்றால் கழிவே இல்லை. லாரியின் அடிச்சட்டத்துக்குக் கீழே புகுந்து கூரையோடு நசுங்கிய காரில் பெல்ட் யாரைக் காப்பாற்றியிருக்கும்? அங்கே காப்பாற்றியிருக்க வேண்டியது, கார் அடியில் புகாமல் தடுக்கும் லாரியின் பின்புறத் தடுப்பு.

பாடி கட்டும் பட்டறைகள் நிறைந்த நாமக்கல்லில் வாழ்கிறேன். எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குப் போகும் நாளில் பளபளக்கும் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் சில மாதங்களில் சேறு படிந்து கண்ணுக்கே தெரியாமல் போவதைப் பார்த்துப் பழகிவிட்டேன். கர்நாடகத்தில் இரவில் நெடுஞ்சாலை நடுவே எச்சரிக்கை விளக்கு இன்றி விடப்பட்ட 14 சக்கர லாரியில் கார் மோதிய வழக்கில், கீழ் நீதிமன்றங்கள் பாதிப் பழியைக் கார் ஓட்டியவர் மீது சுமத்தி, உடன் பயணித்தவர்களின் இழப்பீட்டையும் சேர்த்துக் குறைத்தன. லாரித் தரப்பே முழுப் பொறுப்பு என்று சொல்ல 2024-இல் உச்ச நீதிமன்றம் வர வேண்டியிருந்தது.

இனி, லாரிக்குப் பின்னால் இருக்கும் நிறுவனத்தைப் பற்றி. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஓட்டுநரின் வேலை நேரத்தை நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்தது. விபத்துக்கு முன் அவர் எத்தனை மணி நேரம் தூங்காமல் ஓட்டினார், எந்தக் கெடுவுக்குள் சரக்கைச் சேர்க்கச் சொன்னார்கள் என்பதை விசாரித்த தீர்ப்பு ஒன்றைக்கூட நான் வாசித்ததில்லை. ஆர்.சி. எனும் பதிவுச் சான்றிதழில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்பது சட்டத்தின் நிலை. எனவே கடன் வாங்கி ஒற்றை லாரி ஓட்டுபவர் எதிர்மனுதாரர் ஆகிறார். கெடு வைத்த பெரிய நிறுவனம் சாட்சியாகக்கூட அழைக்கப்படுவதில்லை.

லாரித் தரப்பின் அலட்சியத்தை முடிவு செய்த பிறகே பெல்ட் பற்றிய வாதத்தைத் தீர்ப்பாயங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். பெல்ட்டால் எந்தக் காயம் தவிர்ந்திருக்கும் என்பதைக் காப்பீட்டு நிறுவனமே மருத்துவச் சாட்சியத்துடன் நிரூபிக்க வேண்டும். வாகன ஆய்வாளரின் அறிக்கையில் பின்புறத் தடுப்பு, ரிஃப்ளெக்டர், விளக்கு ஆகியவற்றின் நிலை தனித்தனியே பதிவாக வேண்டும். ஜிபிஎஸ் பதிவையும் சரக்குச் சீட்டையும் தாக்கல் செய்யுமாறு முதல் வாய்தாவிலேயே மனு போடுவதை, பாதிக்கப்பட்டோரின் வழக்கறிஞர்களும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாமக்கல்.