மிரர் வட்டில் இடம் கூட்டுவது ஒரே கட்டளையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யூனிக்ஸ் இயங்குதளம் ஓடும் சர்வரில் வட்டு இடம் நிறைந்துவிட்டால் ஒரே கட்டளையில் கூட்டிக்கொள்ளலாம் என்று தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் படித்தேன். கிண்டியிலும் அம்பத்தூரிலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் இதே வேலையைப் பார்த்தவன் என்ற முறையில், அந்த வரியை நம்பி யாரேனும் ஓர் இளைஞர் மாதக் கடைசி இரவில் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன்.

நானும் மாட்டிக்கொண்டவன்தான். கிண்டியில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவு எச்பி-யூஎக்ஸ் (எச்பி நிறுவனத்தின் யூனிக்ஸ்) சர்வரில் இடத்தை நீட்டும் 'எல்விஎக்ஸ்டெண்ட்' கட்டளையைக் கொடுத்து, அது பிழையின்றி முடிந்ததும் டீ குடிக்கக் கீழே இறங்கினேன். பாதி டம்ளர் காலியாவதற்குள் கணக்காளர் போனில் வந்துவிட்டார்: "சார், இடம் போட்டாச்சுன்னு சொன்னீங்க, இன்னும் 98 பர்சன்ட்னுதான் காட்டுது." எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று சொல்லும் 'பிடிஎஃப்' கட்டளை காட்டியது சரியே. நான் வளர்த்தது வட்டில் ஒதுக்கிய பகுதியான லாஜிக்கல் வால்யூமை மட்டுமே, அதனுள் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஃபைல் சிஸ்டத்தை அல்ல. பக்கத்து மனையை வாங்கிப் பத்திரம் பதிந்தாலும், மதிலைத் தள்ளிக் கட்டாதவரை வீட்டுக்காரருக்குப் பழைய முற்றம்தானே? ஆன்லைன் ஜேஎஃப்எஸ் என்ற கூடுதல் மென்பொருளின் உரிமம் இருந்திருந்தால், வேலை நடக்கும்போதே 'எஃப்எஸ்அட்ம்' கட்டளை மூலம் ஃபைல் சிஸ்டத்தையும் வளர்த்திருக்கலாம். அது இல்லாததால் எல்லோரையும் வெளியேறச் சொல்லி, ஃபைல் சிஸ்டத்தைப் பயன்பாட்டிலிருந்து கழற்றி (அன்மவுண்ட்), அதை வளர்க்கும் 'எக்ஸ்டெண்ட்எஃப்எஸ்' கட்டளையைக் கொடுத்து, மறுபடியும் இணைக்க (மவுண்ட்) வேண்டியதாயிற்று. ஐபிஎம்மின் யூனிக்ஸான ஏஐஎக்ஸில் 'சிஎச்எஃப்எஸ்' கட்டளை, வால்யூம், ஃபைல் சிஸ்டம் இரண்டையும் சேர்த்தே வளர்த்துவிடும். லினக்ஸிலும் 'எல்விஎக்ஸ்டெண்ட்' கட்டளையோடு 'மைனஸ் ஆர்' (-r) சேர்த்தால் அப்படியே. கட்டுரையில் சொன்ன ஒரே கட்டளை அங்கெல்லாம் சரி, எல்லா யூனிக்ஸிலும் அல்ல.

மிரர் செய்த, அதாவது ஒரே தரவை இரண்டு வட்டுகளில் பிரதியாக வைத்த, வால்யூம் என்றால் கணக்கே வேறு. 10 ஜிபி கூட்ட வேண்டுமானால் 20 ஜிபி காலியிடம் வேண்டும். அதுவும் ஒரே வட்டில் 20 இருந்து பயனில்லை, இரண்டு வட்டுகளிலும் தலா 10 இருக்க வேண்டும். இடம் போதவில்லை என்று கட்டளை மறுக்கும்போது, பிரதிகள் தனித்தனி வட்டில்தான் இருக்க வேண்டும் என்ற 'ஸ்டிரிக்ட்' விதியைத் தளர்த்திக் காரியத்தை முடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்போது இரண்டு பிரதிகளும் ஒரே வட்டில் போய் உட்காரக்கூடும். அந்த வட்டு போனால் இரண்டும் போகும். ஆகவே புது வட்டு வரும்வரை காத்திருப்பதே மேல். தொடங்கும் முன் வால்யூமின் நிலையைக் காட்டும் 'எல்விடிஸ்ப்ளே மைனஸ் வி' (-v) கொடுத்து, எங்காவது 'ஸ்டேல்' (பிரதி பழையதாகிவிட்டது) என்று தெரிகிறதா என்று பார்த்து, தெரிந்தால் காரணத்தைச் சரிசெய்து, பிரதிகளை மீண்டும் ஒன்றாக்கும் 'விஜிசிங்க்' ஓட்டிய பிறகே கைவைக்க வேண்டும். இன்னொன்று, எச்பி-யூஎக்ஸின் 'எல்விஎக்ஸ்டெண்ட்' கட்டளையில் 'மைனஸ் எல்' (பெரிய எழுத்து, -L) உடன் தருவது கூட்டும் அளவு அல்ல, மொத்த அளவு. 10 ஜிபி வால்யூமில் 5 கூட்ட 15360 மெகாபைட் என்று எழுத வேண்டும். லினக்ஸில் எண்ணுக்கு முன் கூட்டல் குறி போட்டால்தான் அது கூட்டும் அளவாகும்.

மிரரைப் பேக்கப் என்று அக்கட்டுரை குறிப்பிட்டதையும் ஏற்க முடியவில்லை. தவறாக அழித்த கோப்பை மிரர் இரண்டு வட்டிலும் நேர்மையாக அழித்துவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில், ஈக்காட்டுத்தாங்கலில் தரைத்தளத்தில் இருந்த எங்கள் சர்வர் ஒன்றின் இரு வட்டுகளும் ஒரே பெட்டிக்குள் ஒன்றாகவே நனைந்தன. மாடியில் இருந்த பேக்கப் டேப்பிலிருந்துதான் தரவை மீட்டோம். திருத்தம் வெளியிடுவதாக இருந்தால் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணினி நிர்வாகி,
அம்பத்தூர், சென்னை.